இரண்டாம் முறை கேட்காத ஊர்

கார்த்திகை மாதத்தில் சுவிஸின் ஆரே ஆற்றங்கரை ஊர்களில் சூரியனைத் தேடுவது வீண்வேலை. மூடுபனி விடியமுன்னமே வந்து குந்திவிடும்; பின்னேரமாகியும் எழும்பிப் போகாது. ஓல்டனுக்கு ஒரு ரயில் நிலையம் தள்ளியிருக்கிற இந்த ஊரில், அந்தப் பனிக்குள்ளால்தான் பற்றிமா முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு நடந்து போனாள். முன்பு விடியற்காலையில் ஒரு பஸ் இருந்தது. ஊராட்சி மன்றத்தை, இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரிச் சொன்னால் கெமைண்டராட்டை, நடத்துகிறவர்கள் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் ஏறுவதில்லை என்று காரணம் சொன்னார்கள். ஏறினவர்கள் எல்லோரும் ஆட்கள்தான். இல்லத்தில் வயதானவர்களைக் கழுவித் துடைக்கிற பெண்கள், பள்ளிக்கூடம் கூட்டுகிற எரித்திரியாக்காரி, வெதுப்பகத்தில் நிற்கிற அல்பானியப் பிள்ளைகள். கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கிக் கதைக்கிற ஆட்கள் இல்லை, அவ்வளவுதான்.

பற்றிமா அந்த பஸ்ஸுக்காகத்தான் கட்சியில் சேர்ந்தாள். வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாள். மன்னாரிலிருந்து பதினைந்து வயதில் தாயோடு வந்த கத்தோலிக்கப் பெண். இங்கே படித்து, இங்கே குடியுரிமை எடுத்து, தாதி வேலையில் ஒரு மாடிக்குப் பொறுப்பாக நிற்கிறவள். கட்சியில் சேர்ந்த முதலாவது வருடம் கூட்டங்களில் கோப்பி ஊற்றினாள். இரண்டாம் வருடம் கோப்பிப் போத்தலை ஊர்ஸின் கையில் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டாள். ஊர்ஸ் பள்ளி ஆசிரியர். கெமைண்டராட்டில் நாலு தவணையாக இருக்கிறவர். ஆள் நல்லவர், கோப்பியையும் சிரித்த முகத்தோடு ஊற்றினார்.

ஒரு சனிக்கிழமை. பற்றிமா வேலையில் நின்றாள். அவளுடைய கணவன் கிறகோரி பொதி பிரிக்கிற மையத்தில் இரவு வேலை முடித்து வந்து, கொஞ்சம் நித்திரை கொண்டு எழும்பி, குசினியில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். மன்னாரிலிருந்து யாரோ சொந்தக்காரர் கொண்டுவந்த கட்டாக் கருவாடு. கீழ்வீட்டுக்காரி மணத்துக்கு முறைப்பாடு சொல்லுவாள் என்று யன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஊர்ஸ், கையில் கட்சிப் பத்திரிகைக் கட்டு. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிற சுவிஸ்காரரைக் காண்பது அபூர்வம். ஆனால் பத்திரிகை போடுகிற அன்று ஊர்ஸ் எல்லா மணியையும் அடிப்பார்.

"பற்றிமா இல்லையா?" என்று அவர் ஜெர்மனில் கேட்டார். "தேர்தலுக்கு மூன்று பேரை நிறுத்தப் போகிறோம். நான், பெண்கள் அணி ரேகுலா, மூன்றாவதாக பற்றிமாவை யோசித்திருக்கிறோம். பெண், வெளிநாட்டுப் பின்னணி, பராமரிப்புத் தொழில். எல்லாமே பொருந்துகிறது."

கிறகோரிக்குக் காதில் தேன் பாய்ந்தது. என்றாலும் கேட்ட உடனே பாய்ந்து பிடிக்கிற பழக்கம் அவன் வளர்ந்த வீட்டில் இல்லை. தேத்தண்ணி என்றாலும் சரி, கலியாணப் பேச்சு என்றாலும் சரி, முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர் வற்புறுத்த வேண்டும். பிறகும் கொஞ்சம் இழுத்து, மூன்றாம் முறைதான் கையை நீட்ட வேண்டும். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவனை அங்கே காணாததைக் கண்டவன் என்பார்கள்.

"ஐயோ, அவவுக்கு எங்கே நேரம்?" என்றான், கரண்டியும் கையுமாக. "வேலை, வீடு, பிள்ளை. அரசியல் எல்லாம் எங்கள் வீட்டுக்குச் சரிவராது."

ஊர்ஸ் தலையை மெதுவாக ஆட்டினார். "விளங்குகிறது. அதை நாங்கள் மதிக்கிறோம்" என்று சொல்லி, கைகுலுக்கி, பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை ரேகுலாவையும் கூட்டிக்கொண்டு வருவார், அப்போது மனைவியையும் பக்கத்தில் வைத்து ஓம் சொல்லலாம் என்று கிறகோரி கணக்குப் போட்டான். பற்றிமாவுக்கு இது திடீர் சந்தோசமாக இருக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டினவனுக்கு இவர்களைத் தெரியாதா என்று கேட்பீர்கள். வேலையிடத்தில் நன்றாகவே தெரியும். மேலதிக வேலைக்கு ஆள் கேட்டால் முதல் கையைத் தூக்குகிறவன் அவன்தான். வீட்டு வாசலில் நிற்கும்போது மட்டும் அவன் இன்னும் மன்னாரைவிட்டு வெளிக்கிடவில்லை.

ஊர்ஸ் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஜெகதீஸ்வரன் வந்தார்.

ஜெகதீஸ்வரன் யாழ்ப்பாணத்தவர். காப்புறுதி முகவர், கோயில் நிர்வாக சபையில் இருக்கிறவர். இந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப்பேருக்கு வரிக் கணக்கு நிரப்பிக் கொடுக்கிறதும் அவர்தான். பற்றிமா தேத்தண்ணி கேட்டதற்கு, "வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார். பிறகு இரண்டு கோப்பை குடித்தார்.

"ஒரு விசயமாய் வந்தனான்" என்றார். "கெமைண்டராட்டுக்கு என்னை மூண்டாவது ஆளாய் நிப்பாட்டப் போயினமாம். ஊர்ஸ் போன் எடுத்துக் கேட்டவர். வியாழக்கிழமை கட்சிக் கூட்டத்திலை நீங்கள் ரெண்டு பேரும் எனக்கு வோட்டுப் போட வேணும்."

"நல்லது அண்ணை. நீங்கள் எப்ப கட்சியிலை சேந்தனீங்கள்?"

"போன கிழமை."

பற்றிமாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெகதீஸ்வரனும் சேர்ந்து சிரித்தார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

"நான் உடனை மாட்டனெண்டுதான் சொன்னனான். பிறகு கோயில் காணிப் பிரச்சினையும் கிடக்கு, உள்ளுக்கை ஒரு ஆள் இருந்தால் நல்லது தானே எண்டு யோசிச்சு, அடுத்தநாள் நானே போன் எடுத்து ஓமெண்டனான். உங்களைத்தானே முதல் கேட்டவையாம். வீட்டிலை விருப்பமில்லையெண்டு நீங்கள் விட்டிட்டியளாம்."

"என்னையோ? ஆர் சொன்னது?"

"ஊர்ஸ்தான்."

கிறகோரி எழும்பி, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனான். விருந்தாளி இருக்கும்போது கோப்பை எடுக்கிற ஆள் இல்லை அவன். பற்றிமா அவனுடைய முதுகைப் பார்த்தபடி ஜெகதீஸ்வரனை வாசல்வரை அனுப்பிவைத்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து குசினி மேசையில் இருந்தாள்.

"சொல்லுங்கோ."

கிறகோரி சொன்னான். கருவாட்டுக் குழம்பிலிருந்து கைகுலுக்கினது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லையப்பா. ஒரு மரியாதைக்குச் சொன்னனான். இன்னொருக்கால் கேப்பாரெண்டு பாத்தனான்."

"ஆருக்கு மரியாதை?"

"எங்களுக்குத்தான். கேட்ட உடனை வாயைப் பிளந்தால் என்ன நினைப்பினம்?"

"என்னைக் கேட்டு வந்த ஆளுக்கு நீங்கள் ஏன் மறுமொழி சொன்னனீங்கள்? பின்னேரம் அவ வருவா, அப்ப வாங்கோ எண்டு சொல்ல உங்களுக்கு வாயில்லையோ? ஒரு சொல்லு. அவ்வளவுதானே."

கிறகோரி தேய்த்த கோப்பையையே திரும்பத் தேய்த்தான்.

"மூண்டு வருசமாய்க் கையெழுத்துக்கு நாயாய் அலைஞ்சனான்" என்றாள் பற்றிமா. குரல் உயரவில்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும். "அந்தக் கதிரையிலை இருந்தால்தான் பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கலாம். வெளியிலை நிண்டு கத்தி ஒண்டும் நடக்கேல்லை. உங்களுக்கு இது தெரியாதோ?"

"தெரியும்."

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. அவர் ரெண்டாந்தரம் கேட்டிருந்தால் நீங்கள் ஓமெண்டுதான் சொல்லியிருப்பியளோ?"

கிறகோரி குழாயைப் பூட்டினான்.

"சொல்லியிருப்பன். ஆனால் பயமும் இருந்தது. உம்மடை படத்தை ரோட்டு வழிய தொங்கவிடுவினம். கறுப்பி எண்டு அதிலை ஆரும் கிறுக்குவாங்கள். கோயில் சனம் ஒண்டு கதைக்கும், சேர்ச் சனம் ஒண்டு கதைக்கும். நீர் வேலையாலை களைச்சு வந்து அதையும் கேக்க வேணும். அவர் திரும்பிப் போகேக்கை, எனக்கு ஒரு பக்கத்தாலை நிம்மதியாயும் இருந்ததுதான்."

"அந்தப் பயம் எனக்குரியது" என்றாள் பற்றிமா. "அதை நான் பாக்கிறன்."

அன்றிரவு அவர்கள் ஒன்றாகச் சாப்பிடவில்லை. அவித்த பிட்டு அப்படியே கிடந்தது. ஃப்ரிபூர்க்கில் சட்டம் படிக்கிற மகள் டயனாவுக்கு போன் எடுத்துப் பற்றிமா எல்லாவற்றையும் சொன்னாள். டயனா தகப்பனைத் திட்டிவிட்டுக் கட்சியையும் திட்டினாள்.

"அம்மா, அவையளுக்கு ஒரு தமிழ் ஆள் இருந்தால் காணும். அது நீங்களோ, ஜெகா மாமாவோ எண்டு கவலை இல்லை. எங்கள் எல்லாருக்குமாய் ஒரு கதிரையை ஓரத்திலை போட்டு வைச்சிருக்கினம். உங்களையும் மாமாவையும் அடிபட விட்டிட்டு அவையள் பாத்துக்கொண்டிருப்பினம். உதுக்கு ஏன் போறியள்?"

"எனக்குக் கதிரை முக்கியமில்லை பிள்ளை. பஸ் வேணும்."

"அப்பா என்ன சொல்லுறார்?"

"கோப்பை கழுவுறார்."

மறுநாள் காலை பற்றிமா இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது ரேகுலா வந்தாள். அந்த மூதாட்டி ரேகுலாவின் தாய். கட்சியின் பெண்கள் அணியை நடத்துகிறவள் ரேகுலா. சமத்துவம் பற்றி அவள் கதைத்தால் கேட்டுக்கொண்டேயிருக்கலாம்.

"நீ நிற்கவில்லை என்றதும் எனக்குக் கவலையாக இருந்தது" என்றாள் ரேகுலா. "ஆனால் உன் வீட்டில் சிக்கலை உண்டாக்க நாங்கள் விரும்பவில்லை. உங்கள் கலாசாரத்தில் கணவர் வேண்டாம் என்று சொன்னால்..."

"உன் வீட்டுக்கு ஒருவர் வந்து, உன் புருஷனிடம் உன்னைப் பற்றிக் கேட்டு, அவர் வேண்டாம் என்றதும் திரும்பிப் போயிருப்பாரா?"

ரேகுலாவின் முகம் சிவந்தது. பற்றிமா சீவுவதை நிறுத்தவில்லை. தாய்க்கு எதுவும் விளங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருந்தாள்.

"இல்லை. போயிருக்க மாட்டார்."

"அப்போ என் விசயத்தில் மட்டும் ஏன்?"

ரேகுலா அதை விட்டுவிட்டு ஒரு வழியைச் சொன்னாள். கூட்டத்தில் யாராவது ஒரு உறுப்பினர் எழும்பிப் புதுப் பெயரை முன்மொழியலாம். தெரிவுக்குழுவில் இருப்பதால் தன்னால் முடியாது. வேறு ஆளைப் பார் என்றாள்.

வியாழக்கிழமைக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது. கோயில் பக்கத்திலிருந்து இராஜேஸ்வரி போன் எடுத்து, "ஒரு தமிழனுக்கு எதிராய் நீங்கள் நிக்கலாமோ? வெள்ளைக்காரன் பாத்துச் சிரிக்கப் போறான்" என்றாள். சேர்ச் பக்கத்திலிருந்து ஒருவர் எடுத்து, "விடாதையும் பிள்ளை, அவையள் எங்கடை ஆக்களை ஒருநாளும் முன்னுக்கு விடாயினம்" என்றார். முதல் ஆளிலும் பார்க்க இரண்டாவது ஆளில்தான் பற்றிமாவுக்குக் கோபம் கூட வந்தது. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கூட்டம் உணவகத்தின் பின்னறையில் நடந்தது. ஈரச் சப்பாத்தும் உருகிய சீஸும் கலந்து மணத்தன. வந்தவர்களில் தமிழர் ஒரு மேசையளவுதான். கிறகோரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கலியாணத்துக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்கும் மனைவிக்கும் இடையில் இரண்டு நாளாகத் தேவையான சொற்கள் மட்டும்தான் போய்வந்தன. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற ரயில்காரர் பீட்டர். ஊர்ஸ், ரேகுலா, ஜெகதீஸ்வரன் என்று மூன்று பெயர்களை வாசித்தார். முதல் இரண்டு பெயருக்கும் எல்லோரும் கைதட்டுக்குப் பதிலாக மேசையில் தட்டினார்கள்.

"வேறு முன்மொழிவு உண்டா?"

கிறகோரி எழும்பினான். முழங்கால் மேசையில் இடித்து ஒரு கிளாஸ் ஆடியது.

"என் மனைவி பற்றிமாவை முன்மொழிகிறேன்" என்றான் ஜெர்மனில்.

பீட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்டது... சரி. கிறகோரி, இப்போது உன் மனைவிக்கு இதில் சம்மதமா?"

"அவ இங்கேதான் இருக்கிறா" என்றான் கிறகோரி. "அவவைக் கேளுங்கள்."

பற்றிமா எழும்பினாள். "சம்மதம்" என்றாள். பிறகு விடியற்காலை பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். யார் யார் எந்தப் பனிக்குள்ளால் எங்கே நடந்து போகிறார்கள் என்று சொன்னாள். இருக்கப் போனவள் திரும்பவும் நிமிர்ந்தாள்.

"இன்னொன்று. என்னைக் கேட்க வந்தவர் என் புருஷனைக் கேட்டுவிட்டுப் போனார். என் புருஷன் எனக்காகப் பதில் சொன்னது பிழை. அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பதிலைக் கட்சி எடுத்துக்கொண்டதும் பிழை. அதை இங்கே சொல்கிறேன்."

பின்னால் இருந்த இளம் பெண்கள் இரண்டு பேர் மட்டும் தட்டினார்கள். ஊர்ஸ் தன் கிளாஸைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்படியானால் மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர்" என்றார் பீட்டர். "வழக்கப்படி இருவரும் வெளியே போங்கள். நாங்கள் பேசி முடிவெடுத்துவிட்டுக் கூப்பிடுகிறோம்."

வெளியே நடைபாதையில் ஜக்கெற்றுகள் தொங்கின. கழிவறைக் கதவு அடிக்கடி திறந்து மூடியது. இரண்டு பேரும் சுவரோடு சாய்ந்து நின்றார்கள்.

"குறை நினையாதையும் தங்கச்சி" என்றார் ஜெகதீஸ்வரன். "நீர் மாட்டனெண்டு சொல்லேல்லையெண்டு தெரிஞ்சிருந்தால் நான் ஓமெண்டிருக்க மாட்டன்."

"உங்களிலை என்ன பிழை அண்ணை. உங்களையும் கேட்டவைதானே."

"இப்ப உள்ளுக்கை என்ன கதைப்பினம்?"

"உங்களுக்குக் கோயில் வோட்டு விழும், எனக்குப் பொம்பிளையள் வோட்டு விழுமெண்டு கணக்குப் பாப்பினம்."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். பற்றிமா சிரிக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்குள்ளால் ஊர்ஸ் ஏதோ சொல்லுவது தெரிந்தது. ரேகுலா தலையாட்டுவதும் தெரிந்தது.

"அண்ணை, மூண்டு இடம். நிக்கிறது நாலு பேர். அப்ப ஏன் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் வெளியிலை நிக்கிறம்?"

ஜெகதீஸ்வரன் வரிக் கணக்குப் பார்க்கிற மனிதர். இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை.

பற்றிமா கதவைத் திறந்து உள்ளே போனாள். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"நாங்கள் நாலு பேர் மூன்று இடத்துக்கு நிற்கிறோம்" என்றாள். "நாலு பேரும் வெளியே போக வேண்டும். நாலு பேருக்கும் வாக்குப் போடுங்கள்."

பீட்டர் குழம்பிப்போனார். முன்னால் இருந்த ஒரு பெரியவர், ஊர்ஸை வெளியே அனுப்புவதா என்று கேட்டார். பின்னால் இருந்த பெண்கள், ஏன் அனுப்பக்கூடாது என்று கேட்டார்கள். சத்தம் கூடியது. கடைசியில் ஊர்ஸ்தான் எழும்பினார். "அவள் சொல்வது சரி" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ரேகுலாவும் பின்னால் போனாள்.

இப்போது நடைபாதையில் நாலு பேர். ஊர்ஸுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜக்கெற்றுகளுக்கு நடுவில் நின்று, "உன்னைக் கேட்டிருக்க வேண்டும், பற்றிமா" என்றார்.

அப்படி யாராவது சொன்னால் பரவாயில்லை என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். அந்தச் சொல் தொண்டைவரைக்கும் வந்தது.

"ஆம், கேட்டிருக்க வேண்டும்" என்றாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதிப் போட்டிருந்தார்கள். ரேகுலா முதலாவது. பற்றிமா இரண்டாவது. ஜெகதீஸ்வரன் மூன்றாவது. ஊர்ஸ் நாலாவது. பீட்டர் இதை வாசித்துவிட்டுத் தான் வாசித்ததைத் தானே நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

முன்னால் இருந்த பெரியவர் எழும்பினார். ஊர்ஸ் இந்த ஊருக்குச் செய்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னார். அனுபவம் இல்லாமல் கட்சி தோற்றுவிடும் என்றார். "யாரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் புதியவர்கள் இருவரில் ஒருவர் தாமாக மனம் வைத்தால் அது பெரிய மனதுக்கு அடையாளம்."

எல்லோருடைய கண்ணும் இரண்டு பேரிலும் வந்து நின்றது. ஜெகதீஸ்வரன் மரியாதை தெரிந்த மனிதர். இப்படி ஒரு சபையில் இப்படி ஒருவர் கேட்டால் சும்மா இருக்க அவரால் முடியாது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அரைவாசி எழும்பினார்.

"ஊர்ஸ் அனுபவமானவர். எனக்கென்ன, வேண்டுமானால் நான்..." என்று ஜெர்மனில் தொடங்கினார். சே சே, நீங்கள் இருங்கள் என்று யாராவது சொல்லுவதற்கு இடம்விட்டு ஒரு கணம் நிறுத்தினார்.

ஒருவரும் சொல்லவில்லை. பீட்டரின் முகம் மலர்ந்தது. "டாங்கே" என்று நன்றி சொல்லத் தொடங்கியும்விட்டார்.

"அண்ணை, வாயை மூடுங்கோ!" கிறகோரி பின்னால் எழும்பி நின்று தமிழில் கத்தினான். "இவையள் ரெண்டாந்தரம் கேக்க மாட்டினம். முதல் சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம். நான் பட்டிட்டன். நீங்களும் படாதையுங்கோ."

அறை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒரு சொல்லும் விளங்காத முகங்கள். ஜெகதீஸ்வரனுக்கு விளங்கிவிட்டது. அரைவாசி எழும்பினவர் முழுதாக எழும்பி நின்று, சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் நிற்கிறேன்" என்றார் ஜெர்மனில். "விலகவில்லை."

பீட்டர் மிச்சமிருந்த ஒரு ஆள் பக்கம் திரும்பினார். குரலை நன்றாகவே தணித்துக்கொண்டார்.

"பற்றிமா, நீ? ஊர்ஸுக்காக?"

"இல்லை" என்றாள் பற்றிமா.

அந்த இல்லைக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று பீட்டர் காத்திருந்தார். ஒரு காரணம், ஒரு மன்னிப்பு, ஒரு சிரிப்பு. கிறகோரியும் பின்னால் நின்றபடி அவளையே பார்த்தான். அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.